கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது

அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் கையெழுத்திட்ட கடிதம் என்று யாராவது ஒரு பழுப்பேறிய தாளை நீட்டினால், எல்லோருடைய கண்ணும் முதலில் போவது கீழே இருக்கும் கையெழுத்துக்குத்தான். ஏமாற்றுவோருக்கும் அது தெரியும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தத் தாள் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறி இங்கே வந்து சேர்ந்தது?

கண்டிப் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுவது எளிது. ஏனென்றால், அப்படியொரு தாள் இங்கே அகப்படக்கூடும் என்று நம்ப உண்மையான வரலாறே துணை நிற்கிறது. 1880 மே மாதம் காலியில் வந்திறங்கிய அமெரிக்கர் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட், ஆபிரகாம் லிங்கன் கொலையை விசாரித்தவர்களில் ஒருவர். அவருடைய பௌத்த பிரம்மஞான சங்கத்தின் முயற்சியில்தான் 1887இல் கண்டியில் தர்மராஜ கல்லூரி தொடங்கியது. 1944இல் நேச நாட்டுப் படைத் தளபதி மௌண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்தபோது, அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். கண்டித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முகாமிட்டது. அங்கே இரகசியக் காகிதங்களுக்கு இலக்கமிட்டு அடுக்கி வைக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெண், பிற்காலத்தில் சமையல் கலைக்காக உலகப் புகழ் பெற்ற ஜூலியா சைல்ட். அம்பிட்டியக் குன்றில் இருந்த குருமடமும் அப்படித்தான். திருத்தந்தை 13ஆம் சிங்கராயரால் 1893இல் நிறுவப்பட்டு, 1955இல் பூனாவுக்கு மாறும்வரை இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கும் ஐரோப்பியக் குருக்களுக்கும் இடமாக இருந்தது.

ஆகவே, "தோட்டத்துத் துரை பங்களாவில் கிடந்தது", "வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போனது" என்று ஒருவர் சொன்னால் காது கேட்கத் தயாராகிவிடுகிறது. ஆனால் ஒல்கொட்டின் நாட்குறிப்புகள் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் காப்பில் இருக்கின்றன. ஓ.எஸ்.எஸ். காகிதங்கள் அமெரிக்கத் தேசியச் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. இப்படி உரிய வீடு உள்ள ஒரு காகிதம் சந்தைக்கு வந்தால், அது போலியாக இருக்கலாம், அல்லது திருட்டுப் பொருளாக இருக்கலாம். இந்த இரண்டில் எது என்றாலும் இழப்பு வாங்கியவருக்குத்தான்.

போலி என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையெழுத்தைப் பார்த்து எழுதியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளை மாளிகையிலிருந்து வந்த உண்மையான கடிதத்திலும் ஜனாதிபதியின் கை படாமல் இருக்கலாம். கையெழுத்திடுவதற்கென்றே ஓர் இயந்திரம் உண்டு, ஆட்டோபென் என்பார்கள். கென்னடி அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார். 2011 மே மாதத்தில் பராக் ஒபாமா பிரான்ஸில் இருந்தபோது, வாஷிங்டனில் ஒரு சட்டமூலத்துக்கே இந்த இயந்திரம்தான் அவர் பெயரில் கையெழுத்திட்டது. அமெரிக்கக் குடியுரிமை பெறும் நம்மவர்களுக்கு ஜனாதிபதியின் வாழ்த்துக் கடிதம் வருகிறதே, அதிலுள்ள கையெழுத்து அச்சு. குடும்பத்துக்கு அது விலைமதிப்பற்ற நினைவு. ஆனால் "ஒபாமா கையெழுத்து" என்று அதை யாராவது விற்றால் அது மோசடி.

இதைவிடப் பழைய பொறி ஒன்றும் இருக்கிறது. அமெரிக்க அரசு குடியேறிகளுக்குக் கொடுத்த காணிப் பத்திரங்களில் ஜனாதிபதியின் பெயர் இருக்கும். ஆனால் 1833இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அவற்றில் ஜனாதிபதிக்குப் பதிலாகக் கையெழுத்திட்டவர் அதற்கென்றே நியமிக்கப்பட்ட செயலாளர். லிங்கன் பெயர் பொறித்த காணிப் பத்திரம் உண்மையான, பழமையான, அரசு வழங்கிய பத்திரமாகவே இருக்கும். லிங்கன் அதைத் தொட்டிருக்க மாட்டார்.

ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். கையால் எழுதினால் அழுத்தம் ஏறி இறங்கும். கோடு தொடங்கும் இடத்தில் மெலிந்து, திரும்பும் இடத்தில் தடித்து, இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மை சற்றுத் தேங்கி நிற்கும். இயந்திரம் போட்ட கோடு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பு. பேனா இறங்கிய இடத்திலும் எடுத்த இடத்திலும் புள்ளி விழுந்திருக்கும். அச்சு என்றால் கோடே சிறு சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். ஒரே தலைவரின் இரண்டு கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மயிரிழை பிசகாமல் பொருந்தினால் இரண்டும் மனிதக் கையால் ஆனவையாக இருக்க முடியாது. எந்த மனிதரும் தம் பெயரை இரண்டு முறை அச்சாக அப்படியே எழுதுவதில்லை.

இந்தச் சோதனை போலியைக் காட்டிக்கொடுக்கும். அசலை நிரூபிக்காது. 1930களில் அமெரிக்காவில் ஜோசப் கோசி என்பவர் பழைய தாளையும் பழுப்பு மையையும் தேடி எடுத்து, லிங்கனும் பெஞ்சமின் பிராங்க்ளினும் எழுதியதுபோல எழுதி விற்றார். கண் பழகியவர்களே ஏமாந்தார்கள். 2011இல் அமெரிக்கத் தேசியச் சுவடிக்கூடம் வெளியிட்ட ஒரு செய்தி என்னை இன்னும் அதிகமாகக் கலங்கடித்தது. லிங்கன் ஒரு படைவீரருக்கு வழங்கிய மன்னிப்பு ஆணை. தாள் அசல், கையெழுத்தும் அசல். 1864 ஏப்ரல் 14 என்றிருந்த தேதியில் 4 என்ற ஒரே ஓர் எண் 5 ஆக்கப்பட்டிருந்தது. லிங்கன் சுடப்பட்ட நாள் 1865 ஏப்ரல் 14. அன்றைக்கு அவர் கடைசியாகக் காட்டிய கருணை என்று அந்தத் தாள் பல ஆண்டுகள் கொண்டாடப்பட்டது. ஒரு பேனா முனை வரலாற்றை அவ்வளவு தூரம் நகர்த்திவிட்டது.

திருட்டும் குறைவில்லை. அதே 2011இல் மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தில், ஜனாதிபதிகளைப் பற்றி எழுதிப் பேர்பெற்ற பாரி லாண்டோ பிடிபட்டார். கோட்டுக்குள் ஆழமான பைகள் தைத்து, பல சுவடிக்கூடங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆவணங்களைக் கடத்தியிருந்தார். அடுத்த ஆண்டு 7 ஆண்டு சிறைத்தண்டனை. இப்படித் திருடப்பட்ட தாள் நாலு கை மாறி நம்மிடம் வந்தாலும், நாம் நல்லெண்ணத்தோடு வாங்கினாலும், உரிமையாளர் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். அதனால்தான் வந்த வழியைக் கேளுங்கள் என்கிறேன். முன்னைய உரிமையாளர் யார், எந்த ஆண்டு கைமாறியது, கூடவே உறை இருக்கிறதா, விற்ற பற்றுச்சீட்டு எங்கே? விற்பவரே அடித்துக் கொடுக்கும் "உறுதிப்படுத்தல் சான்றிதழ்" எதையும் உறுதிப்படுத்தாது. அதற்கென்று தனியாக முற்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஏமாந்தபின் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். வெட்கப்பட ஒன்றுமில்லை, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, ஒரு பொருளை இன்னது என்று வர்ணித்து விற்றால் அது அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். விற்றவர் வியாபாரி என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், இந்தக் காலக்கெடுவைப் பலர் தவறவிடுகிறார்கள். அவசர இலக்கம் 1977. தெரிந்தே போலியை விற்றிருந்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம், பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். விற்பவர் அனுப்பிய விளம்பரம், வாட்ஸ்அப் செய்திகள், வங்கிச் சீட்டு ஆகியவற்றை அழிக்காதீர்கள். விற்றபோது அவர் என்ன சொன்னார் என்பதற்கு அவைதான் சாட்சி.

இனி மறுபக்கம். உங்கள் வீட்டிலேயே பழைய சுவடியோ கடிதமோ இருந்து, வெளிநாட்டிலிருந்து ஒருவர் விலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழமைக்கு ஓர் எல்லைக்கோடு போட்டிருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி மகுல் மடுவத்தில் பிரதானிகளும் ஆங்கிலேயரும் கண்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள் அது. அதற்கு முற்பட்ட ஏட்டுச்சுவடி தொல்பொருளாகும். அதற்குப் பிற்பட்டது என்றால் விருப்பம்போல் அனுப்பலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டப்படி, கலாசாரச் சொத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் அதில் வியாபாரம் செய்யவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அரச அலுவலகத்தின் கோப்பிலிருந்து வந்த தாள் என்றால் 1973ஆம் ஆண்டின் தேசியச் சுவடிக்கூடச் சட்டம் குறுக்கே நிற்கும். பழைய காகிதக் கடையில் எடைக்கு வாங்கினேன் என்பது பதிலாகாது. பொதியை அஞ்சலில் போடுமுன் தொல்பொருளியல் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

தலைவர்களின் கடிதம் என்றதும் அமெரிக்காவையே நினைக்கிறோம். மலையகத் தமிழருக்கு இதைவிட நெருக்கமான கடிதம் ஒன்று இருக்கிறது. 1964 அக்டோபர் 30 அன்று புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள்தான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளியினர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும், மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று அவை சொல்லின. அந்த மிச்சமும் 1974இல் இன்னொரு சோடிக் கடிதங்களால் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது. லயத்தில் இருந்த ஒருவரையும் கேட்காமல் இவ்வளவும் நடந்தது. இதை எழுதும்போது இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை.

அதற்கு முன்பே காகிதம் நம்மைத் தோற்கடித்திருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவரிடமும் தந்தை இங்கு பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. 1949இல் வந்த இன்னொரு பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் போடப்பட்டது. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1946க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். தோட்டம் மாறிய, ஒருமுறை ஊருக்குப் போய்வந்த தொழிலாளியிடம் அதற்கு என்ன எழுத்து இருந்திருக்கும்? 1921இல் ஒழிக்கப்படும்வரை அவர் கூடவே போன காகிதம், அவருடைய கடனை எழுதித் துரை கொடுத்த துண்டு. அது அவரைக் கட்டிவைக்க எழுதப்பட்டது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்த அநீதியைப் பெருமளவு துடைத்தது. இந்திய வம்சாவளியினர் ஒருவர் 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்திருந்தால், அல்லது அப்படி வசித்தவரின் வழிவந்தவராக இருந்தால் அவர் இலங்கைப் பிரஜை. அந்த ஒப்பந்தக் கடிதத்தின் தேதியே அளவுகோலாக நிற்கிறது பாருங்கள். ஆகவே அம்பிட்டியவிலும் தலாத்துஓயாவிலும் ஹந்தானையிலும் றங்குப்பெட்டிக்குள் கிடக்கும் பாட்டனின் பிரஜாவுரிமைப் பத்திரம், செக்ரோல் பெயர் உள்ள சீட்டு, பழைய சேமலாப நிதிக் கடிதம், பள்ளிச் சேர்வுப் பதிவு எல்லாம் ஒரு குடும்பத்தின் இருப்புக்குச் சான்று. தரகர் கேட்டாலும், உதவி செய்கிறோம் என்று வரும் அமைப்பு கேட்டாலும், கண்காட்சிக்கு என்று கேட்டாலும் அசலைக் கொடுக்காதீர்கள், பிரதி கொடுங்கள். பழைய தோட்டக் காகிதங்களுக்கும் இப்போது சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தேதியோடு கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

லமினேட் செய்யாதீர்கள். நம் ஊரில் எல்லோரும் ஆசையாகச் செய்வது இதுதான், ஆனால் சூடுபட்ட பிளாஸ்டிக்கை மறுபடி உரிக்க முடியாது, பொறித்த முத்திரையும் தட்டையாகிவிடும். கிழிசலுக்கு செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளைத் தின்னும். கண்டி மழையில் காகிதத்துக்கு முதல் எதிரி பூஞ்சணம். சுவரை ஒட்டாமல், தரைக்கு உயரமாக, தாள்களை விரித்தபடி ஒரு கோப்பில் வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், உறை மூன்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவு கண்டி மாவட்டத்தைத் தாக்கியதை எல்லோரும் பார்த்தோம். அப்படியொரு இரவில் பெட்டியைத் தேடி எடுக்க நேரம் இருக்காது.

தொலைந்தே போனால்? பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். பிரஜாவுரிமைப் பதிவு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் இருக்கும். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பாட்டனின் பெயரை அந்தக் காலத்தில் எப்படி எழுதினார்களோ அப்படியும், இப்போது வழங்குகிறபடியும் இரண்டு விதமாகக் குறிப்பிடுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், உத்தேச ஆண்டு சேர்த்தால் தேடுவது எளிது. கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். வழக்குவரை போக வேண்டியிருந்து வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்தை நாடுங்கள். போகும்போது அங்கேயும் பிரதிகளையே கொடுத்து, அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள்.