திருத்தணிப் படியும் ஆய்வகத் தரையும்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும், ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்தும் காவடியோடு வருகிறவர்கள் அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் கையில் எதுவும் இல்லாமல் ஏறினாலும், ஒவ்வொரு படியிலும் அவருடைய முழங்காலுக்குள் எலும்புக்கும் எலும்புக்கும் இடையே விழும் சுமை ஏறக்குறைய 190 கிலோ. இறங்கும்போது அது 207 கிலோவை ஒட்டிப் போகிறது. ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சும்மா என்று மூச்சு சொல்கிறது. மூட்டின் கணக்கு வேறு. இப்படிப்பட்ட கணக்குகளைப் போடுவதுதான் எலும்பு மூட்டு உயிர் இயந்திரவியல் ஆய்வகங்களின் வேலை. எலும்பியல் மருத்துவரும் இயந்திரப் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய துறை அது. அந்த மேசையில் எந்தக் கருவி இருக்கிறது என்பதைவிட, எந்த அசைவை அளக்கலாம் என்று அங்கே யார் முடிவு செய்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலே சொன்ன எண்கள் பெர்லினிலிருந்து வந்தவை. அங்குள்ள சாரிட்டே மருத்துவமனையில் கேயார்க் பெர்க்மன் வழிநடத்திய குழு, செயற்கை முழங்காலின் டைட்டானியத் தட்டுக்குள் நுண்ணிய திரிபுமானிகளை வைத்தது. பேட்டரி கிடையாது. காலைச் சுற்றிக் கட்டிய கம்பிச்சுருளிலிருந்து மின்தூண்டல் மூலம் சக்தி உள்ளே போகும். அளவீடு வானொலி அலையாக வெளியே வரும். இப்படி ஐந்து பேரிடம் எடுத்த சராசரிகளை 2010இல் வெளியிட்டார்கள். சமதரையில் நடந்தால் உடல் எடையைப் போல 2.6 மடங்கு, படி ஏறினால் 3.2 மடங்கு, இறங்கினால் 3.5 மடங்கு. நாற்காலியிலிருந்து எழுந்தால்கூட இரண்டரை மடங்கு. உடம்பின் எடையைத் தாங்குவதோடு முடியாமல் இவ்வளவு சுமை எங்கிருந்து வருகிறது? துலாக்கோலை நினைத்துக்கொண்டால் போதும். படியில் கால் மடங்கியிருக்கையில் உடலின் பாரம் முழங்கால் அச்சுக்குப் பின்னால் பத்து சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளி விழுகிறது. அதைச் சரிகட்டும் தொடைத்தசையின் நாணோ அச்சிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தூரத்தில்தான் ஓடுகிறது. கோலின் கை குட்டையானதால் தசை இரண்டு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பும் உடல் எடையும் சேர்ந்து மூட்டில் இறங்குகின்றன.

அந்த ஆய்வு அளந்த அசைவுகளின் பட்டியலைப் பாருங்கள். நடத்தல், படி ஏறல், படி இறங்கல், ஒற்றைக்காலில் நிற்றல், நாற்காலியில் உட்காரல், எழுதல், நின்றபடி முழங்காலை மடக்கல். பெர்லினில் வாழும் எழுபது வயதுக்காரரின் ஒரு நாள் ஏறத்தாழ இதில் அடங்கிவிடும். நெசவு ஊரான பொதட்டூர்பேட்டைக்காரரின் நாள் அடங்காது. சம்மணமிட்டுச் சாப்பிடுவது, குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பது, குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி அழுத்துவது, விசைத்தறிக் கூடத்தில் தறிக்குத் தறி நடந்து அறுந்த இழையைப் பிடிக்கக் குனிவது, செருப்பில்லாமல் கல்லில் நடப்பது எதற்கும் அந்தப் பட்டியலில் வரி இல்லை. பெர்லின்காரர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்கள் தங்கள் நோயாளிகளுக்கு வேண்டியதை அளந்தார்கள். நாம் அந்தப் பட்டியலை அப்படியே வாங்கிக்கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது.

எலும்பு எங்கேயும் எலும்புதானே, ஜெர்மானியனுக்கு ஒன்று தமிழனுக்கு ஒன்றா என்று ஒருவர் கேட்கலாம். எலும்பின் இயற்பியல் ஒன்றுதான். அதை நாம் வைத்திருக்கும் நிலைகள் வேறு. நடக்கும்போது முழங்கால் 60 பாகையைச் சற்றுத் தாண்டி மடங்கும். நாற்காலியில் உட்கார 90 பாகை போதும். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மூட்டுக் கோளாறு எதுவுமில்லாத இந்தியர்கள் 30 பேரைக் குந்தியும் மண்டியிட்டும் சம்மணமிட்டும் உட்காரச் சொல்லி அளந்து 2006இல் கட்டுரை எழுதினார்கள். குந்துகையில் முழங்கால் மடக்கம் சராசரியாக 150 பாகையைத் தாண்டியது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலோருக்குக் கிடைக்கும் மடக்கம் 120 பாகைக்கு முன்பின். இடையில் விடுபடும் அந்த முப்பது பாகையில்தான் தரையும் இந்தியக் கழிப்பறையும் இருக்கின்றன. அந்த ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒரு செய்தி வருகிறது: மடக்கம் குறைந்துவிடும் என்பதாலேயே பல நாடுகளில் நோயாளிகள் சிகிச்சையை மறுத்துவிடுகிறார்கள்.

வாழ்க்கை முறை மூட்டின் தலையெழுத்தையே மாற்றுகிறது என்பதற்குப் பெய்ஜிங்கில் சான்று கிடைத்தது. அங்கே முதியோரை எக்ஸ்ரே எடுத்து அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகர முதியோரோடு ஒப்பிட்டார்கள். சீனர்களுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் 80 முதல் 90 சதவீதம் வரை குறைவு. ஆனால் சீனப் பெண்களுக்கு முழங்கால் தேய்மானம் அமெரிக்கப் பெண்களைவிட அதிகம். 2004இல் அதே குழு இன்னும் குடைந்து பார்த்ததில், இளம் வயதில் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் தேய்மான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும். அப்படியானால் குந்துவதை நிறுத்தச் சொல்வதுதானே வைத்தியம்? அதற்கேற்ற மூட்டைச் செய்ய எதற்கு ஆய்வகம்? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இறந்தவர்களின் முழங்கால்களை வைத்துச் செய்த சோதனையும் இந்தக் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. நடையின்போது குருத்தெலும்பில் 14 மெகாபாஸ்கல் அளவில் இருந்த உச்ச அழுத்தம், ஆழ்ந்து மடக்கியபோது 25ஐத் தாண்டியது. குருத்தெலும்பு சேதமாகத் தொடங்கும் எல்லையும் அதுதான்.

மறுப்பில் பாதி சரி. முழங்கால் வலிக்காரருக்கு மேற்கத்தியக் கழிப்பறை நல்லது. அதை வாங்கிக் கொடுக்கும் பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் பெய்ஜிங் கணக்கின் மறுபாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இடுப்பு மூட்டில் சீனர்களுக்குக் கிடைத்த அந்தப் பெரிய அனுகூலத்துக்குத் தரை வாழ்க்கையும் ஒரு காரணமா என்பது இன்னும் தீராத வழக்கு. பிறவியில் வந்த எலும்பு வடிவம் என்று சொல்வோரும் உண்டு. தவிர, மூன்று மணி நேரம் குந்துவதும் பத்து நிமிடம் குந்துவதும் ஒன்றல்ல. எவ்வளவு நேரம், எந்த வயதில், எவ்வளவு சுமையோடு என்று பிரித்துச் சொன்னால்தான் அது அறிவுரை. வெறுமனே "கீழே உட்காராதீர்கள்" என்பது அளவீடு இல்லாத கட்டளை. கால் இழந்தவருக்கோ அந்தக் கட்டளை வேறு பொருள்படும்: வீட்டிலும் பந்தியிலும் மற்றவர்களோடு சேர்ந்து உட்காராதே என்று.

இந்த இடத்தில்தான் இந்தியாவில் இந்தத் துறை உருப்படியாகச் சாதித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கைப் பாதம் ஷூவுக்குள் ஒளிந்துகொள்வதற்காகச் செய்யப்பட்டது. அதன் கணுக்கால் வளையாது. வெறும் பாதத்தோடு சேற்றில் இறங்கினால் சீக்கிரம் பாழாகும். ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியும், பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் 1960களின் பிற்பகுதியில் ரப்பரும் மரமும் கொண்டு செய்த பாதம், குந்துவதற்கும் செருப்பின்றி நடப்பதற்கும் மரம் ஏறுவதற்கும் வளைந்து கொடுத்தது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவுக்கு அந்தப் புகழில் பாதியாவது வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆய்வகத்துக்குள் நுழையாத ஒரு கைதான் அங்கே அசைவுகளின் பட்டியலைத் திருத்தியது.

நமக்கு இன்னும் பக்கத்தில், வேலூரில், அதற்கும் முன்னாலேயே இது நடந்திருக்கிறது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்களும் பாதமும் அழுகி உதிர்கின்றன என்பது அன்றைய நம்பிக்கை. அவர் பார்த்தது வேறு: தசை அழுகவில்லை, உணர்ச்சி போன கையும் காலும் தெரியாமல் அடிபட்டு, அடிபட்ட இடத்திலேயே திரும்பவும் அடிபட்டன. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த வேறிடத்துத் தசைநாணை மாற்றிப் பொருத்தியபோது, எந்தத் தசை எவ்வளவு நீளம் இழுக்கும், எவ்வளவு பலத்தோடு இழுக்கும் என்ற இயந்திரக் கணக்கு அவருக்குத் தேவைப்பட்டது. பின்னால் 1985இல் வெளியான கையின் இயந்திரவியல் பற்றிய அவருடைய நூலுக்கு வித்து அங்கேதான். பாதப் புண்ணுக்கு வேலூரிலும் பக்கத்திலுள்ள காரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும் மெத்தென்ற நுண்ணறை ரப்பரில் செருப்பு செய்தார்கள். இன்றும் தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கொடுக்கிறார்களே, அந்த எம்.சி.ஆர். செருப்பு இந்த ஆராய்ச்சியின் பிள்ளை. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு எலிகளின் பாதத்தில் அவர் ஒரு சோதனை செய்தார். ஒரு தடவை அழுத்தினால் எதுவும் ஆகாத மிதமான அழுத்தத்தை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் முறை கொடுத்தபோது சில நாள்களில் புண் வந்தது. எண்ணிக்கையைக் குறைத்து இடையே ஓய்வும் விட்டபோது பாதம் தடித்து உரமேறியது. மிதமான சுமையும் ஓயாமல் திரும்பினால் காயமாகும் என்ற அந்தப் பாடம், வலி தெரியாத நோயாளிகளை அவர்கள் வேலை செய்யும் இடத்தில் பார்த்ததிலிருந்து பிறந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் நடத்தும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையத்தின் வேலையையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். அங்கே உருவாகி, பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து சோதிக்கப்பட்டு, 2022இல் வெளிவந்த 'கடம்' என்ற செயற்கை முழங்கால் 160 பாகை வரை மடங்கும். நெரிசலான பஸ்ஸில் காலை மடக்கி வைக்க வேண்டும் என்பது அந்த எண்ணுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மலிவான மாதிரிகளில் வழக்கமாக ஒரே கீல்தான் இருக்கும்; கவனம் தப்பினால் கால் திடீரென்று மடங்கி ஆளைத் தள்ளிவிடும். இதில் நான்கு இணைப்புகள் சேர்ந்து அசைவதால் சுழலும் அச்சு மடக்கத்துக்கேற்ப இடம் மாறுகிறது. ஊன்றி நிற்கும்போது அச்சு பின்னால் போய்க் காலைப் பூட்டினாற்போல் நிறுத்தும். காலை வீசும்போது விரல்முனை தரையில் தட்டாமல் விலகும். மலிவு என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்குப் பதில் சொல்வதுபோல், சர்வதேசத் தரத்தின்படி 30 லட்சம் முறை சுமையேற்றிச் சோதித்திருக்கிறார்கள். ஒரு காலால் நாளுக்கு 3,000 எட்டு வைக்கிறவருக்கு அது ஏறக்குறைய 1,000 நாள் நடை. அந்தத் தரத்திலும் பாருங்கள்: திரும்பத் திரும்ப ஏற்றும் சுமை, குதிகால் ஊன்றும் நொடியையும் முன்பாதம் தள்ளும் நொடியையும் மட்டுமே பின்பற்றுகிறது. முழுக்க மடக்கிய நிலைக்கு ஒரு தனிச் சோதனை உண்டு; அது ஓடாமல் நிற்கும் சுமை. தினம் பலமுறை குந்தி எழுபவருக்கான லட்சக்கணக்குச் சோதனையை யாராவது எழுத வேண்டும். அதற்கு மேற்கே பெரிய அவசரம் இல்லை.

கடைசி மறுப்பு எண்ணிக்கை பற்றியது. ஐந்து பேரிடமும் 30 பேரிடமும் அளந்ததை வைத்து ஊருக்கே சட்டம் போடலாமா? போட முடியாது. உள்ளே மானி வைத்த மூட்டு உலகில் மிகச் சிலரிடம்தான் உண்டு, அதுவும் செயற்கை மூட்டு. ஆனால் அந்தச் சிலரின் எண்களை உரைகல்லாக வைத்துக் கணினி மாதிரிகளைத் திருத்துகிறார்கள். விடையை மறைத்து வைத்து, முழங்கால் சுமையைக் கணிக்கச் சொல்லி ஆய்வுக் குழுக்களுக்குள் போட்டியே நடந்திருக்கிறது. மாதிரி தேறிவிட்டால், பிறகு வெளியிலிருந்து அசைவை மட்டும் அளந்தால் போதும். அந்த அளவீடும் இப்போது ஆய்வகத்தின் நான்கு சுவருக்குள் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் உருவான 'ஓப்பன்கேப்' மென்பொருளுக்கு இரண்டு ஐபோன்களும் கட்டம் போட்ட ஓர் அட்டையும் இருந்தால் ஆயிற்று. 2023இல் வெளியான சோதனையில் மூட்டுக் கோணங்களில் சராசரிப் பிழை நாலைந்து பாகைதான். பல கேமராக்களும் தரையில் புதைத்த விசைத்தகடுகளும் வேண்டியிருந்த வேலையின் பெரும்பகுதியைத் தறிக்கூடத்திலேயே செய்துவிடலாம். சென்னையிலிருந்து திருத்தணிக்கு மின்சார ரயில், அங்கிருந்து பொதட்டூர்பேட்டைக்குப் பஸ். ஒரு முதுகலை மாணவருக்கு ஒரு பருவத்துக்கான வேலை. தறிகளுக்கு நடுவே ஆள் மறையாமல் போனை எங்கே நிறுத்துவது என்பது சின்னத் தலைவலியாக இருக்கும். எட்டு மணி நேரம் நின்று நடப்பதைப் பதிவு செய்யலாம். நாடாவில் நூல் தீர்ந்ததும் தார் மாற்றக் குனிவதையும் குழித்தறி மிதிப்பதையும் பதிவு செய்யலாம். பாவு சுற்றிய பீமை இருவர் தூக்கித் தறியில் ஏற்றுவதையும் கட்டாயம் எடுக்க வேண்டும். அதற்கு மட்டும் பீமை முதலில் தராசில் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. தோளில் இருப்பது எத்தனை கிலோ என்று படத்தைப் பார்த்துக் கணினியால் சொல்ல முடியாது.