கணக்கு சரி, பறக்குமா?

ஜொகூரின் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு காற்றுச் சுரங்கம் இருக்கிறது. சோதனைக் கூடத்தின் அகலம் 2 மீட்டர், உயரம் 1.5 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 290 கிலோமீட்டர் வேகம் வரை அதில் காற்றைச் செலுத்தலாம். வானூர்திப் பொறியியல் மாணவர்களுக்கு இது பெரும் பேறு: கணக்கில் சரியாக வந்தது காற்றிலும் சரிதானா என்று இங்கே சோதித்துப் பார்க்கலாம்.

தானே பறக்கும் ட்ரோனையும் கரும்பலகையில் மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. அதன் மூளையான கட்டுப்பாட்டுப் பலகை, சாய்வையும் சுழற்சியையும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் திருத்துகிறது. திருத்தம் அதிகமானால் ட்ரோன் நடுங்கும், குறைந்தால் தள்ளாடும். பெரிய பேட்டரி போட்டால் பறக்கும் நேரம் கூடும், ஆனால் எடையும் கூடும். இந்த இழுபறியைக் கையால் கட்டிப் பறக்கவிட்டவரே முழுமையாக உணர்வார்.

சட்டமும் பாடத்தில் சேர்த்திதான். மலேசியாவில் 400 அடிக்கு மேல் ட்ரோனைப் பறக்கவிட விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். விமான நிலையங்களை ஒட்டியும் கட்டுப்பாடு உண்டு. ஸ்கூடாய்க்குப் பக்கத்திலேயே செனாய் விமான நிலையம்.

இப்படிக் கற்றவர்கள் எதுவரை போகலாம்? சென்னை குரோம்பேட்டை எம்ஐடி (மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவன) வளாகத்தின் தக்ஷா என்ற மாணவர் குழு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. தொலைவில் தரையிறங்கி, இரத்த மாதிரியை எடுத்துத் திரும்ப வேண்டும் என்பதே அங்கே சவால். நடிகர் அஜித்குமார் அக்குழுவின் ஆலோசகராக இருந்தார். பேரிடரிலும் மருத்துவத்திலும் பயன்படும் இத்தகைய வேலையை ஜொகூர்த் தமிழ் மாணவர்களும் கையிலெடுக்க வேண்டும்.