திடீர்னு உடம்பு அனலா கொதிக்குதா? 45 வயசு பெண்களே... கொஞ்சம் கவனிங்க!

அடுப்படியில் நிற்கும்போதோ, பஸ்சில் போகும்போதோ திடீரென நெஞ்சு, கழுத்து, முகமெல்லாம் அனலாய் கொதிக்கும். ரெண்டே நிமிஷத்தில் ஜாக்கெட் நனைந்துவிடும். ராத்திரி தூக்கம் போச்சு. காலையில் யார் பேசினாலும் எரிச்சல். பிரஷர் ஏறிடுச்சோ என்று பயந்து மெடிக்கல் ஷாப்பில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்குபவர்களும் உண்டு.

45 வயசை தொட்டவர் என்றால், பெரும்பாலும் இது மாதவிலக்கு நிற்கப்போவதன் அறிகுறி. இந்திய பெண்களுக்கு சராசரியாக 46, 47 வயசில் நின்றுவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாக கணக்கு. அதுவரை கரு தங்க வாய்ப்பு இருக்கு, மறந்துடாதீங்க! 40 வயசுக்கு முன்னாடியே நின்றால் கட்டாயம் டாக்டரை பார்க்கணும்.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால், உடம்பு சூட்டை கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. லேசாக சூடு ஏறினாலே வியர்வையை கொட்ட வைக்கிறது. சிலருக்கு இந்த அவஸ்தை 7 வருஷத்துக்கு மேலும் நீடிக்கும்.

காபி, டீ, காரத்தை குறைத்துப் பாருங்க. ராத்திரி காட்டன் துணியே போடுங்க. தினமும் அரைமணி நேர நடை, எடை குறைப்பு ரெண்டும் கைகொடுக்கும். எலும்பும் வேகமாக தேயும் நேரம் இது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கு. கூழை விட்டுடாதீங்க.

இதிலும் அடங்கலையா? ஹார்மோன் மாத்திரை இருக்கு. 2002-ல் வந்த அமெரிக்க ஆய்வுக்கு பிறகு எல்லோரும் இதற்கு பயந்தார்கள். 60 வயசுக்குள், மாதவிலக்கு நின்று 10 வருஷத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலானோருக்கு நன்மையே அதிகம் என்பது இப்போதைய கருத்து. ஆனால் மார்பக புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு பொதுவாக தரமாட்டார்கள். அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. எதையும் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீங்க.

"கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதி" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்பாதீங்க. அதை எடுப்பதால் இந்த கொதிப்பு அடங்காது. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் ஹார்மோன் ஒரேயடியாய் விழுந்து அவஸ்தை கூடிவிடும்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் "சூட்டினால் வந்திருக்கும்" என்று விடாதீங்க. பலருக்கு சாதாரண காரணமாக இருக்கலாம். ஆனால் கர்ப்பப்பை புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான். ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்த முடியும். வெட்கப்படாமல் அந்த வாரமே அரசு ஆஸ்பத்திரி மகளிர் பிரிவுக்கு போங்க. சென்னையில் எழும்பூர் தாய் சேய் நல ஆஸ்பத்திரியிலும், திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியிலும் இதற்கு டாக்டர்கள் இருக்காங்க.