எரிநட்சத்திரம் பார்க்க நேரம் இருக்கா?

எரிநட்சத்திரம் பார்க்கப் போறேன்னு வீட்டில் சொன்னால், "ராத்திரி முழுக்க முழிச்சிட்டு காலையில ஸ்கூலுக்கு யாரு போறது?" என்றுதான் முதல் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் ராத்திரி முழுக்க முழிக்க வேண்டியதே இல்லை. சரியான ஒரு மணி நேரம் போதும்.

அது எந்த மணி நேரம்? எரிநட்சத்திரம் உண்மையில் நட்சத்திரமே அல்ல. பெரும்பாலும் மணல் அளவுத் தூசிதான். வேகமாக வந்து காற்று மண்டலத்தில் மோதி, சுமார் 100 கி.மீ. உயரத்தில் எரிந்து போகிறது. நம் பூமியும் சும்மா நிற்கவில்லை, நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றி ஓடுகிறது. மழையில் சைக்கிள் ஓட்டினால் சட்டையின் முன்பக்கம்தானே அதிகம் நனையும்? அதே கதைதான் இங்கேயும். சாயங்காலம் நாம் பூமியின் முதுகுப் பக்கம் இருக்கிறோம். நள்ளிரவுக்குப் பிறகு முன்பக்கம் வந்துவிடுகிறோம். அதனால் விடியற்காலையில்தான் நிறைய விழும். ஒன்பது மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்தால் தூக்கம் பெரிசா கெடாது.

அடுத்தது, எந்த மாசம்? அதிகமாக விழுவது டிசம்பர் 13, 14 இரவுகளில், மிதுன ராசிப் பக்கமிருந்து. ஆனால் அப்போதுதான் அரையாண்டுத் தேர்வு, மழை மேகம் வேறு! (ஒரு வசதி, ராத்திரி பத்து மணிக்கே ஓரளவு தெரியும்.) என்னைக் கேட்டால் நமக்கு ஏற்றது மே 5, 6 தேதிகள்தான். பள்ளி லீவு. வெயில் தாங்காமல் பாதிப் பேர் மொட்டை மாடியில்தான் படுக்கிறோம், கண்ணைத் திறந்தாலே வானம். 3.30 முதல் 4.45 வரை கிழக்கே கும்ப ராசிப் பக்கமிருந்து வரும். 1986இல் வந்துபோன ஹாலி வால்நட்சத்திரம் இனி 2061இல்தான் வரும். ஆனால் அது விட்டுப்போன தூசி வருஷா வருஷம் மே மாசம் நம் தலைக்கு மேல் எரிகிறது!

வேலைக்குப் போகிறவர்களால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒருவரைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த வில்லியம் டென்னிங் (1848-1931) தொழிலால் கணக்காளர். வீட்டுத் தோட்டத்தில் நின்றே பல ஆண்டுகள் எரிநட்சத்திரங்களைக் குறித்து வைத்தார். 1898இல் ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

இதற்கு டெலஸ்கோப் வேண்டாம், வெறும் கண்தான் நல்லது. பாய், தலையணை, பேப்பர், பென்சில், கடிகாரம், சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச் இருந்தால் போதும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது ஆகும். நடுவில் செல்போன் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து! முதல் நாளே தினசரி காலண்டரில் பௌர்ணமி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நிலா வெளிச்சத்தில் பாதி தெரியாது. இருட்டில் மாடிக்குத் தனியாகப் போக வேண்டாம், அண்ணனையோ அப்பாவையோ கூட்டிக்கொள்ளுங்கள். எரிநட்சத்திரம் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கணும் என்பார் எங்கள் பாட்டி. பார்க்கலாம், ஆனால் அதற்குள் அடுத்தது விழுந்துவிடும்!

ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், வானத்தில் மேகம் எவ்வளவு, எத்தனை விழுந்தது, இவை நான்கையும் எழுதுங்கள். வந்த வழியைப் பின்னால் நீட்டினால் கும்பத்தைத் தொடுகிறதா என்றும் குறியுங்கள். தொடாதவை வேறு கூட்டம். நடுவில் அம்மா கூப்பிட்டுப் பத்து நிமிஷம் எழுந்து போனால் அதையும் எழுதிக் கழித்துவிட வேண்டும். ஒன்றுகூட விழாவிட்டால் பூஜ்யம் என்று போடுங்கள், அதுவும் கணக்குதான். 1988இல் தொடங்கிய சர்வதேச எரிநட்சத்திர அமைப்பு இப்படி உலகம் முழுக்க அமெச்சூர்கள் எழுதுகிற மணிக்கணக்கைச் சேர்த்துத்தான் எந்த வருஷம் தூசி அதிகம் என்று சொல்கிறது.

மே மாசம் யார் யார் பார்க்கிறீர்களோ, பள்ளி திறந்ததும் அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். இதே பலகையில் ஒட்டுவோம்.