போனில் டாக்டர் யோசனை

போனில் மருந்து சொல்லலாமா, கூடாதா என்று டாக்டர்களுக்கே நெடுங்காலம் தெளிவான விதி கிடையாது. 2020 மார்ச் 25-ல்தான் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அடுத்த மாதமே 'இ-சஞ்சீவனி' மூலம் வீட்டிலிருந்தபடி, காசில்லாமல் டாக்டரிடம் பேச வழி பிறந்தது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை தொடர்கிறவர்களுக்கு ஒருநாள் கூலியும் பஸ் காசும் மிச்சம்.

டாக்டர் தம் பெயரையும் படிப்பையும் சொல்ல வேண்டும். சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள், கூச்சம் எதற்கு? போதை மருந்துகளை இவ்வழியில் எழுதித் தரக் கூடாது.

ஆனால் போன் வயிற்றைத் தொட்டுப் பார்க்காது. கர்ப்பிணிக்குக் கடும் தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு கண்டால் போனில் டாக்டருக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.