சிந்துபாத்தின் தொடக்க நாள்கள் எங்கே?

நாள்தோறும் வெளிவரும் படக்கதை எதுவும் முதல் நாளிலேயே முழு உருவத்துடன் பிறந்துவிடுவதில்லை. தன் நாயகன் யார் என்பது, அதை வரைபவருக்கே பல மாதங்கள் கழித்துத்தான் பிடிபடுகிறது. இதழ்களுக்குப் படக்கதை வரைந்து பிழைத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஒரே பாத்திரத்துக்கு முதல் வாரத்தில் ஒரு மூக்கும் பத்தாம் வாரத்தில் வேறொரு மூக்கும் அமைவது எங்கள் தொழிலில் வழக்கமான ஒன்று. கை பழகப் பழக, தேவையற்ற கோடுகள் உதிர்ந்து முகம் நிலைபெறும்.

அமெரிக்காவில் சார்லஸ் ஷுல்ஸின் 'பீனட்ஸ்' 1950 அக்டோபர் 2 அன்று ஏழே நாளிதழ்களில் தொடங்கியது. உலகம் அறிந்த ஸ்னூபி அப்போது நான்கு கால்களில் நடக்கும் சாதாரண நாய்க்குட்டி. அந்தத் தலைப்பும் ஷுல்ஸ் வைத்ததன்று; விநியோக நிறுவனம் சூட்டிய அப்பெயரை அவர் கடைசிவரை விரும்பவில்லை. பாப்பாயின் கதை இன்னும் வேடிக்கையானது. 1919-இல் தொடங்கிய 'திம்பிள் தியேட்டர்' என்னும் தொடரில், கப்பலோட்ட ஆள் வேண்டும் என்பதற்காக 1929-இல்தான் அந்த மாலுமி உள்ளே வருகிறான். வந்தவன் பழைய நாயகர்களை ஓரங்கட்டிவிட்டுத் தொடரையே தனதாக்கிக்கொண்டான்.

நம்மூர்ச் சான்று ஆர்.கே. லட்சுமண். 1951-இல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் அவர் நாள்தோறும் வரையத் தொடங்கியபோது, இந்திய மக்களைக் காட்ட ஒரு கூட்டத்தையே வரைந்தார். வங்காளி, தமிழர், பஞ்சாபி என ஒவ்வொருவருக்கும் தனித் தலைப்பாகை, தனி உடை. ஆனால் பத்திரிகையின் கடிகாரம் காத்திருக்காது. நேர நெருக்கடியில் ஒவ்வொருவராகக் கழன்றுபோக, எஞ்சியவர் ஒருவர்: வேட்டியும் கட்டம் போட்ட கோட்டும் மூக்குக்கண்ணாடியும் அணிந்து, வாயே திறவாத அந்தச் சாமானியர். முன்கூட்டியே தீட்டிய திட்டத்தைவிட நேரமின்மைதான் அவரைச் செதுக்கியது என்பேன். தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் வியப்பில்லை.

தமிழில் இத்தகைய வரலாற்றுக்கு முதலில் நினைவுக்கு வருவது 'தினத்தந்தி'யின் 'கன்னித்தீவு'. 1960-இல் தொடங்கிய அதன் தொடக்கக்கால ஓவியர் கணு. ஆயிரத்தோர் இரவுகளின் சிந்துபாத்துக்கு ஏழே பயணங்கள். நம் சிந்துபாத்துக்கோ பயணம் முடிந்தபாடில்லை. மந்திரவாதி மூசாவால் உருச்சிறுத்த லைலாவைச் சுமந்துகொண்டு அவன் அலைந்த அலைச்சல், இழுபடும் எந்த வழக்கையும் 'கன்னித்தீவு போல' என்று சொல்லும் அளவுக்கு நம் பேச்சிலேயே கலந்துவிட்டது.

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் வாலிகண்டபுரத்தில், தேநீர்க் கடைக்கு வரும் ஒரே நாளிதழ் தாள்தாளாகப் பிரிந்து பெஞ்சு பெஞ்சாகப் போகும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் தேடியது அந்தக் கட்டங்களைத்தான். இரண்டு மூன்று கட்டங்களுக்குள் நேற்றைய கதையை நினைவூட்ட வேண்டும். இன்று ஓரடி நகர வேண்டும். நாளைக்கு ஒரு கேள்வியை விட்டுவைக்க வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கடினம் தெரியும்.

அச்சுமுறையும் அந்தக் கோடுகளைத் தீர்மானித்தது. கறுப்பு மையில் பெரிதாக வரைந்த படத்தைப் புகைப்படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் அரித்து 'பிளாக்' செய்வார்கள். மலிவான செய்தித்தாளில் மை ஊறும். நுணுக்கமான நிழற்கோடுகளைப் போட்டால் அச்சில் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். அதனால்தான் பழைய நாளிதழ்ப் படக்கதைகளில் தடித்த கோடும் வெறுமையான பின்புலமும் மிகுதி. அதைக் கைத்திறக் குறைவு என்று எண்ணுவோர் உண்டு. மையையும் தாளையும் அறிந்த கை அது என்பதே என் கணிப்பு.

'டிங்கிள்' இதழில் 1983-இல் தோன்றிய சுப்பாண்டியின் மூலக் கதைகளை அனுப்பியவர் திருச்சியைச் சேர்ந்த வாசகர் பி. வரதராஜன், வரைந்தவர் ராம் வாயீர்கர். இந்த விவரம் இன்றும் எளிதில் கிடைக்கிறது. தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் வரைந்த எத்தனையோ பேரைப் பற்றி இந்த அளவுகூடக் கிடைப்பதில்லை. பிளாக் எடுத்து முடிந்ததும் மூலப்படத்துக்கு மதிப்பில்லை என்பதே அக்கால அலுவலக வழக்கம். நான் வரைந்த ஒரு தொடரின் மூலப்படங்களைக் கேட்டுப் போனபோது, இடம் மாறும்போது எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அச்சான இதழோ கடலைப் பொட்டலமாகியிருக்கும்.

எங்கள் ஊர் வாலீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கொடைகளைப் பற்றிக் கல் பேசுகிறது. அறுபது ஆண்டுக்கு முந்தைய படக்கதையின் முதல் வாரத்தை ஒரு மாணவர் காண விரும்பினால் எங்கே அனுப்புவது? அந்த வாரம் இல்லாமல், சிந்துபாத்தின் முகம் எப்படி உருவானது என்று யாரும் ஆராய முடியாது.

வழி இல்லாமலில்லை. சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் எழுந்தது. அவர் தொழிலால் விளம்பரப் பலகை ஓவியர் என்பது எனக்குப் பெருமை தரும் செய்தி. படக்கதைகளைத் தேதிவாரியாகக் கத்தரித்து, தைத்து, அட்டை போட்டு வைத்திருக்கும் வாசகர்கள் இன்றும் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிவருகிறது. பரண்மேல் இருக்கும் அந்தத் தொகுப்புகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடும் முன், ஒரு நூலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். கொடுக்க மனமில்லையென்றால், பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்தாவது தேதியுடன் அனுப்பிவையுங்கள்.