தோள் ஏன் இறுகுகிறது?

தலை வாரக் கை எழுவதில்லை. முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோக முடிவதில்லை. வலிக்கும் தோளின் பக்கம் புரண்டால் உறக்கம் கலைகிறது. 40 வயதைக் கடந்தவர் பலரிடம் கேட்கும் குறை இது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்து மாதக்கணக்கில் பொறுத்திருப்பவர்கள் உண்டு.

தோள் ஒரு பந்துகிண்ண மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் சுழல்கிறது. இரண்டையும் சுற்றித் தளர்ந்த பைபோல் மூட்டுறை அமைந்துள்ளது. கை பல திசைகளிலும் வீசிச் சுழல இத்தளர்ச்சி வேண்டும். சிலருக்கு இவ்வுறை அழற்சியுற்றுத் தடித்துச் சுருங்கிவிடுகிறது. அமெரிக்க மருத்துவர் காட்மன் 1934-இல் இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயரிட்டார்.

தோள்வலி எல்லாம் இந்நோய் அன்று. எனவே மருத்துவர் முதலில் நோயாளியையே கையைத் தூக்கச் சொல்வார். பின் தாமே பற்றித் தூக்கிப் பார்ப்பார். இரண்டாவது சோதனையே முக்கியமானது. தசைநாண் அறுந்திருந்தால், தானே எழாத கை பிறர் தூக்கும்போது பெரும்பாலும் எழும். உறை சுருங்கியிருந்தாலோ, யார் தூக்கினாலும் ஓர் அளவுக்கு மேல் அசையாது. முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்புறம் திருப்பச் சொன்னால் குறை நன்கு தெரியும். எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது. பின் எதற்கு அது? மூட்டுத் தேய்வு, எலும்பு விலகல் ஆகியவை இல்லை என்று உறுதி செய்வதற்கே. நீரிழிவு நோயாளரிடம் தோள் இறுக்கம் மிகுதியாகக் காணப்படுவதால், இரத்தச் சர்க்கரையையும் பார்ப்பது நல்லது.

மருத்துவம் நோயின் கட்டத்தைப் பொறுத்தது. வலி மிகுந்த தொடக்க மாதங்களில் வலிநீக்கி மருந்துகளும், மூட்டினுள் போடும் ஸ்டீராய்டு ஊசியும் உதவும். இவ்வூசிக்குப்பின் சில நாள் சர்க்கரை ஏறக்கூடும். நீரிழிவு உள்ளவர் இதை முன்னரே மருத்துவரிடம் கூறவேண்டும். 'பலமாக ஓர் இழுப்பு இழுத்தால் சரியாகும்' என்று கையைப் பிடிக்க வருவோரை விலக்கி வைப்பதே நலம். அதனால் வலி கூடும். எலும்பு முறிவதும் உண்டு.

வலி தணிந்து இறுக்கம் எஞ்சும்போது பயிற்சியே மருந்து. முன்குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டலாம். சுவரில் விரல்களால் மெல்ல மேலே ஏறலாம். பெரும்பாலோர்க்கு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் அசைவு திரும்புகிறது. சிலருக்குச் சிறிது குறை நின்றுவிடும். பயிற்சிக்கு இணங்காத தோளில், சிறு துளைவழி உள்நோக்கிக் கருவியைச் செலுத்திச் சுருங்கிய உறையை வெட்டித் தளர்த்துகிறார்கள்.

காய்ச்சலுடன் மூட்டு வீங்கிச் சுட்டாலும், தோள்வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் கண்டாலும் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. முன்னது மூட்டில் சீழ் பிடித்ததாகவும், பின்னது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும்.